சாயும் வண்டியும் சாயா வண்டியும்

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சிறு சரக்கு டிரெய்லரைப் பூட்டுவது ஒரு பெட்டி, இரண்டு சக்கரங்கள், ஒரு கொக்கி என்ற அளவில் முடிந்துவிடும் பட்டறை வேலையாகத் தோன்றினாலும், இயற்பியலின் கண்ணில் அது, நிமிர்ந்து நிற்பதற்கு முற்றிலும் வேறான வழிகளைக் கையாளும் இரண்டு வண்டிகளை ஒரே புள்ளியில் பிணைக்கும் வேலையாகும். மோட்டார் சைக்கிள் வளைவில் உட்புறமாகச் சாய்ந்து, தன் எடையும் வெளிப்புறமாகத் தள்ளும் நிலைமமும் சேர்ந்த கூட்டுவிசையை டயர் தரையைத் தொடும் கோட்டின் வழியே செலுத்துவதால் விழாமல் திரும்புகிறது; இரு சக்கர டிரெய்லரோ சாய்வதே இல்லை, தன் இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தை நம்பியே நிற்கிறது. பக்கவாட்டில் பெட்டி பொருத்திய சைடு கார் வண்டியில் மோட்டார் சைக்கிளின் சாயும் இயல்பே பறிக்கப்பட்டு அது மூன்று சக்கர வண்டியாகிவிடுகிறது. டிரெய்லர் பூட்டிய வண்டியிலோ சாய்வு அப்படியே இருக்க, சாயாத ஒன்று பின்னால் வருகிறது. வடிவமைப்பின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

சாய்வு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். வேகத்தின் இருமடியை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் கிடைப்பது சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 23 பாகை சாய்கிறது; அதே வளைவில் வேகம் 50 ஆனால் சாய்வு 33 பாகையை எட்டுகிறது. வேகம் கால் பங்கு கூடியதற்குச் சாய்வு 10 பாகை கூடுகிறது என்பதைக் கொக்கியை வடிவமைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த முரணைத் தீர்க்க ஒரு வழி, டிரெய்லரையும் உடன் சாயவிடுவது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஜாவா, சி.இசட். மோட்டார் சைக்கிள்களுக்கென வெளிவந்த பி.ஏ.வி. 40 என்ற ஒற்றைச் சக்கரப் பெட்டி இவ்வகையின் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த வண்டிக் குடும்பம் புதிதல்ல. ஒற்றைச் சக்கர டிரெய்லரின் இணைப்பு மேலும் கீழும் மடங்கும், இடமும் வலமும் திரும்பும், ஆனால் முறுக்கிக்கொள்ளாது. அதாவது நீளவாக்கிலான அச்சைச் சுற்றிய உருளல் மட்டும் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே வண்டி சாயும்போது பெட்டியும் அதே கோணத்தில் சாய்கிறது, சக்கரம் முன்வண்டியின் தடத்தையொட்டியே வருகிறது, சாலைக் குழிகளுக்கு நடுவே நெளிந்து செல்ல முடிகிறது. இதற்கான விலையையும் மறைக்க முடியாது. பெட்டியைத் தாங்க ஒரு சக்கரமும் கொக்கியும் மட்டுமே இருப்பதால் சுமையில் கணிசமான பங்கு கொக்கியில் இறங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது பெட்டி ஒருபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்ளும் வேலையும் ஓட்டுபவரின் கால்களுக்கே வந்து சேர்கிறது. 30, 40 கிலோ வரையிலான சுமைக்கு இது நேர்த்தியான தீர்வு, அதற்கு மேல் அல்ல.

இதன் எதிர்முனையில் நிற்பது கம்போடியாவின் ரெமோர்க். 100 முதல் 125 சி.சி. வரையிலான சாதாரண மோட்டார் சைக்கிள் ஒன்று, கூரையும் எதிரெதிர் இருக்கைகளும் கொண்ட இரு சக்கர வண்டியை இழுத்துச் செல்லும் இந்த ஏற்பாட்டில், இணைப்பு வண்டியின் வால்பகுதியில் இல்லை. இருக்கையின் பின்னே, பின்சக்கரத்துக்கு மேலே அமைந்திருக்கிறது. பெரிய லாரிகளில் கன்டெய்னர் டிரெய்லர் அமரும் தட்டும் இதே காரணத்துக்காகத்தான் பின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னேயோ வைக்கப்படுகிறது. அங்கே இறங்கும் எடை முன்சக்கரத்தைத் தூக்குவதில்லை. பின்னிழுக்கும் வண்டி பக்கவாட்டில் தள்ளினாலும் அந்தத் தள்ளு பின்சக்கரத்தின் மீதே விழுவதால் முன்வண்டியைத் திருப்பிவிடும் திருப்புத்திறன், அதாவது விசையை நெம்புகோல் தூரத்தால் பெருக்கிய சுழற்றும் விளைவு, அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. உலகில் மிகுந்த சுமையை மிகச்சிறு எஞ்சினால் இழுக்கும் மோட்டார் சைக்கிள் டிரெய்லர் அதுவாக இருக்கக்கூடும், ஆனால் அது மெதுவாக ஓடும் நகர வண்டி என்பதை மறந்து நெடுஞ்சாலைக்கு அதை முன்மாதிரியாக்கிக்கொள்வது தவறு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, பெரும்பாலோர் செய்துகொள்ள நினைப்பதும் இதுவே: பின்சக்கரத்துக்குப் பின்னே கொக்கி, நீண்ட இழுகம்பி, இரு சக்கரங்கள். கார்களில் பயன்படும் 50 மில்லிமீட்டர் உருண்டையும் அதைக் கவ்வும் கிண்ணமும் கொண்ட இணைப்பை அப்படியே எடுத்து இதில் மாட்டுவது பரவலான பழக்கம். அந்த இணைப்பு மேல்கீழ் மடிப்புக்கும் இடவலத் திருப்பத்துக்கும் தாராளமாக இடம் தருகிறது. உருளலுக்கோ 20, 25 பாகை அளவில் கிண்ணத்தின் விளிம்பு உருண்டையின் கழுத்தில் முட்டி நின்றுவிடுகிறது. கார் சாய்வதில்லை என்பதால் அதற்கு அந்த அளவே மிகை. மோட்டார் சைக்கிள் 33 பாகை சாயும் வளைவில் முட்டல் நிகழ்ந்தால், வண்டி மேற்கொண்டு சாய மறுக்கும், அல்லது டிரெய்லரின் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும். இரண்டுமே வளைவின் நடுவில் நிகழக்கூடாதவை.

எனவே உருண்டைக்குப் பின்னால், இழுகம்பியிலேயே ஒரு சுழல் மூட்டு தேவைப்படுகிறது. இழுகம்பிக் குழாயை இரண்டாக வெட்டி, முன்துண்டிலிருந்து நீளும் உருளைத் தண்டு பின்துண்டுக்குள் வெண்கலப் புஷ் ஒன்றில் தடையின்றிச் சுழலும்படி அமைத்து, தண்டின் முனையில் வாஷரும் பள்ளம் வெட்டிய நட்டும் போட்டு, நட்டு தானாகக் கழலாதபடி அந்தப் பள்ளத்தின் வழியே ஸ்பிலிட் பின் செருகி, கிரீஸ் ஏற்ற ஒரு நிப்பிளும் வைத்துவிட்டால் இழுவிசை முழுவதையும் தாங்கியபடியே முழு வட்டமும் சுழலும் மூட்டு கிடைக்கிறது. வண்டி கீழே விழுந்தால்கூட டிரெய்லர் கவிழாமல் நிற்பது இந்த மூட்டின் உபரி நன்மை. வேலை சரியாக முடிந்ததா என்பதைக் கண்டறிய, டிரெய்லர் பூட்டிய நிலையில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கால்மிதி தரையைத் தொடும் வரை இருபுறமும் மெல்லச் சாய்த்துப் பார்த்தால் போதும். டிரெய்லரின் சக்கரங்கள் அசையாதிருக்க வேண்டும்.

கொக்கி எங்கே மாட்டப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். பின்புறக் கேரியர் சில கிலோ எடையைச் செங்குத்தாகத் தாங்க மட்டுமே செய்யப்பட்டது. டிரெய்லரோ இழுக்கும், தள்ளும், பக்கவாட்டில் உலுக்கும், ஒரு பயணத்தில் பல்லாயிரம் முறை திசைமாறும் இந்த விசைகளால் உலோகம் களைத்து விரிசல் விடும். ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட், பின்னிருப்பவரின் கால்மிதி பொருந்தும் இடம் போன்ற சட்டகத்தின் வலுவான புள்ளிகளிலிருந்து முக்கோண வடிவில் தண்டுகளைக் கொண்டுவந்து ஒரு தகட்டில் சேர்த்துப் போல்ட் போடுவதே முறை. சட்டகத்தின் மீதே நேரடியாக வெல்டிங் வைப்பது பட்டறைக்கு எளிது. ஆனால் மெல்லிய குழாயில் பற்றவைப்பின் வெப்பம் பட்ட ஓரம்தான் பிற்பாடு முதலில் விரிகிறது. கொக்கியையும் நம்பி விட்டுவிடாமல், இழுகம்பிக்குக் கீழே ஒன்றையொன்று குறுக்கிடும்படி இரண்டு சங்கிலிகளை மாட்டி வைப்பதன் நோக்கம், இணைப்பு கழன்றாலும் இழுகம்பியின் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலிகளின் மேல் விழுந்து தாங்கப்பட வேண்டும் என்பதே.

சுழல் மூட்டு ஒரு சிக்கலைத் தீர்க்கும்போதே இன்னொன்றை மறைத்துவிடுகிறது. மோட்டார் சைக்கிள் இலகுவாகச் சாய்ந்து திரும்பும் வளைவில் டிரெய்லர் எவ்வளவு தத்தளிக்கிறது என்பது ஓட்டுபவரின் உடலுக்குத் தெரிவதே இல்லை. சாயாத வண்டி ஒன்று குடைசாயும் எல்லை, சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும். ஈர்ப்பு மையம் என்பது வண்டியின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி. சக்கர அகலம் 80 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் அந்த எல்லை புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.67 பங்கு. மேலே கணக்கிட்ட 50 கிலோமீட்டர் வளைவில் எழும் பக்கவாட்டு முடுக்கம் 0.66 பங்கு. அதாவது மோட்டார் சைக்கிளுக்கு இயல்பான ஒரு சாய்வில் டிரெய்லரின் உள்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் விளிம்பில் நிற்கிறது, ஒரு சிறு மேடு போதும் அதைக் கவிழ்க்க. கனமான பொருள்களைத் தரைத்தட்டிலேயே பரப்பி ஈர்ப்பு மையத்தை 40 சென்டிமீட்டருக்கு இறக்கினால் எல்லை ஒன்றுக்கு உயர்ந்துவிடுகிறது. பெட்டியை உயரமாகக் கட்டி மேலே கேரியரும் வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வளைவில் டிரெய்லர் முன்வண்டியின் தடத்தில் வருவதுமில்லை, உட்புறமாக ஒதுங்கி வெட்டிக்கொண்டு வருகிறது. பின்சக்கரம் 6 மீட்டர் ஆரத்தில் திரும்பும் ஒரு தெருமுனையில், 1.6 மீட்டர் இழுகம்பியுள்ள டிரெய்லரின் நடுப்பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் உள்ளே விலகுகிறது. அதன் உள்சக்கரம் மேலும் 40 சென்டிமீட்டர் உள்ளே ஓடுகிறது. ஓட்டுபவர் சாமர்த்தியமாகத் தவிர்த்த குழியில் டிரெய்லரின் சக்கரம் இறங்குவது இதனால்தான்.

சுமையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மாட்டுவண்டிக்காரர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். சற்றே முன்பாரமாக ஏற்றுவதுதான் ஓடும் வண்டிக்கு ஏற்றது. டிரெய்லரிலும் அதே விதிதான், நடைமுறையில் அது மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்ற கணக்காகச் சொல்லப்படுகிறது. பெட்டியும் சரக்கும் சேர்ந்து 100 கிலோ, கொக்கியிலிருந்து அச்சு வரை 1.6 மீட்டர் எனில், கொக்கியில் 10 கிலோ இறங்குவதற்கு மொத்த ஈர்ப்பு மையம் அச்சுக்கு 16 சென்டிமீட்டர் முன்னே இருக்க வேண்டும். இதை அளக்க, வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியைச் சில செங்கற்களின் மேல் கொக்கி உயரத்துக்கு ஏற்றி வைத்து இழுகம்பியின் மூக்கை அதன் மீது இருத்தினால் போதும். 20 கிலோ பெட்டி ஒன்றை 40 சென்டிமீட்டர் பின்னே தள்ளி மறுபடி பார்த்தால் முள் 10 கிலோவிலிருந்து 5 கிலோவுக்கு இறங்கியிருக்கும். ஒரே ஒரு பெட்டியின் இடமாற்றம் கொக்கி எடையைப் பாதியாக்கிவிட்டது.

முன்பாரம் அளவு மீறவும் கூடாது. கொக்கி பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னே தொங்குவதால், 140 சென்டிமீட்டர் சக்கர இடைவெளி உள்ள மோட்டார் சைக்கிளில் கொக்கியின் மீது இறங்கும் 10 கிலோ, பின்சக்கரத்தில் ஏறக்குறைய 13 கிலோவாகக் கூடி, முன்சக்கரத்திலிருந்து 3 கிலோவைக் கழித்துவிடுகிறது. 30 கிலோ இறங்கினால் முன்சக்கரம் 8 கிலோவுக்கும் மேல் இழக்கிறது, ஹேண்டில் லேசாகிறது, நேர்ச்சாலையிலேயே வண்டி தடம் பிடிக்கத் தயங்குகிறது.

பின்பாரத்தின் தீமை வேறு வகையானது, இன்னும் கொடியது. டிரெய்லர் பாம்புபோல் இடமும் வலமும் நெளியத் தொடங்கி, ஒவ்வொரு நெளிவிலும் அகலம் கூடிக்கொண்டே போகும் அலைவுதான் அது. கொக்கியைச் சுற்றி ஊசலாடும் டிரெய்லரை நடுக்கோட்டுக்குத் திரும்பக் கொண்டுவருபவை அதன் டயர்கள். டயர் தான் பார்க்கும் திசைக்குச் சற்றே விலகி உருளும்போது, அந்த விலகலை நழுவு கோணம் என்பர், அதற்கேற்பப் பக்கவாட்டு விசை ஒன்றை எழுப்புகிறது. டிரெய்லர் கோணலாக இருப்பதால் எழும் விசை அதை நேராக்க முயல்கிறது. அது பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருப்பதால் எழும் விசை அந்த நகர்வைத் தணிக்கிறது. முதல் விசை வேகத்தால் பெரிதும் மாறுவதில்லை. இரண்டாவது, பக்கவாட்டு வேகத்தை முன்னோக்கிய வேகத்தால் வகுத்த விகிதத்தைப் பொறுத்தது என்பதால், முன்னோக்கிய வேகம் இரட்டிப்பானால் தணிப்பு பாதியாகிவிடுகிறது. ஊஞ்சலின் விசை அப்படியே இருக்க அதைப் பிடித்து நிறுத்தும் கை மட்டும் தளர்ந்துகொண்டே போகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சிறு காற்றோ கடந்து செல்லும் பேருந்தின் தள்ளலோ தொடக்கிய அலைவு அடங்காமல் வளரத் தொடங்குகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக வந்த டிரெய்லர் 80ஐத் தாண்டியதும் மாறிவிடுவதன் காரணம் இதுவே. மோட்டார் சைக்கிள்களுக்கு நொடிக்கு 2 முதல் 4 முறை வரை மெல்ல நெளியும் இயல்பான அலைவு ஒன்று ஏற்கனவே உண்டு. பின்னால் ஊசலாடும் எடை அதோடு சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு கார் ஓட்டுபவருக்கு இல்லாத கூடுதல் தொல்லை.

அந்த ஆபத்தான வேகத்தை உயரே தள்ளிவைக்கச் சில வழிகள் உண்டு: ஈர்ப்பு மையத்தை அச்சுக்கு முன்னே வைப்பது, இழுகம்பியை நீட்டுவது, கனமான பொருள்களைப் பெட்டியின் இரு முனைகளிலும் வைக்காமல் அச்சருகே குவிப்பது. கடைசி வழியின் பலன் பலர் எண்ணுவதைவிடப் பெரிது. 20 கிலோ எடையுள்ள இரு பெட்டிகள் மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இரு முனைகளிலும் இருக்கும்போது, சுழற்சியை எதிர்க்கவும் தொடரவும் செய்யும் அவற்றின் நிலைமத் திருப்புத்திறன், 20 சென்டிமீட்டரில் நெருக்கி வைக்கும்போது இருப்பதைப்போல் 9 மடங்கு. கொக்கி எடையைக் காட்டும் கருவியோ இரு நிலைகளிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். நெளிவு தொடங்கியபின் செய்யத்தக்கது ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்துவது மட்டுமே. வேகம் கூட்டினால் நேராகிவிடும் என்ற பரவலான நம்பிக்கை தணிப்பை மேலும் குறைக்கும் பாதை. ஹேண்டிலை எதிர்த்திசையில் திருப்பித் திருத்த முயல்வதும், மனிதக் கை எப்போதும் அரை நெளிவு தாமதித்தே வருவதால், அலைவுக்கு ஊட்டமாகவே முடிகிறது.

பிரேக் பற்றிய கணக்கு எளிது. 200 கிலோ வண்டி, 75 கிலோ ஓட்டுபவர், பிரேக் இல்லாத 100 கிலோ டிரெய்லர் என்று கொண்டால் நிறுத்த வேண்டிய நிறை 275இலிருந்து 375 கிலோவாகிறது, நிறுத்தும் டயர்களோ அதே இரண்டுதான். தனியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் 17.7 மீட்டரில் நிற்கக்கூடிய வண்டி, அதே பிரேக் விசைக்கு, டிரெய்லருடன் 24 மீட்டர் ஓடிய பிறகே நிற்கும். வளைவில் பிரேக் பிடித்தால் தூரம் மட்டுமல்ல சிக்கல். கொக்கியில் கோணலாக விழும் டிரெய்லரின் தள்ளல் பின்சக்கரத்தை வெளியே உதைக்கிறது. ஆகவே டிரெய்லர் பூட்டியவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும்.

சக்கரங்களைப் பொறுத்தவரை, தள்ளுவண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் போடுவதைவிட ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் எவ்வளவோ மேல். அது சாலை வேகத்துக்கென்றே செய்யப்பட்டது, பஞ்சர் கடைகளிலும் அதற்கான டியூப் கிடைக்கும். சிறிய சக்கரம் வேகமாகச் சுழல்கிறது என்பதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுகள் என்ற அளவில், பேரிங்கின் கிரீஸை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். சுருளோ பட்டையோ எந்த ஸ்பிரிங்கும் டிரெய்லரின் உண்மையான எடைக்குப் பொருந்த வேண்டும். கனரக ஸ்பிரிங் பலம் என்று எண்ணிப் போட்டால் 60 கிலோ டிரெய்லர் அதை அழுத்தவே முடியாமல் ஒவ்வொரு குழியிலும் துள்ளும், துள்ளும் டயரிடம் மேற்சொன்ன தணிப்பு விசை ஏதும் இல்லை. டயர் காற்றழுத்தத்துக்கும் இதே நியாயம்தான்.

விளக்குகளில் பெரும்பாலான கோளாறுகள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: எர்த் கம்பி. இரும்பு இரும்பைத் தொடுகிறதே என்று கொக்கியின் வழியே மின்சுற்றை முடிக்க விட்டால், கிரீஸும் துருவும் படிந்த சுழல் மூட்டு ஒவ்வோர் அசைவிலும் தொடர்பை விட்டுவிட்டுப் பிடிக்கும். எனவே எர்த்துக்கெனத் தனிக் கம்பி தேவை. பிரேக்குக்கு 21 வாட், பின்விளக்குக்கு 5 வாட் என இரண்டு பக்கமும் பழைய பல்புகள் போட்டால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கும் சற்று மேல் கூடுதலாக இழுக்கும், மோட்டார் சைக்கிளின் மெல்லிய கம்பிகளும் சுவிட்சும் அதற்குப் பழகியவை அல்ல. எல்.இ.டி. விளக்குகளைப் போடுவதும், சுமையை ஒரு ரிலேவின் வழியே பேட்டரியிலிருந்து நேரடியாக எடுப்பதும் இதற்கு மாற்று.

இவ்வளவும் சேர்ந்து எவ்வளவு சரக்கைக் கொண்டுசெல்ல இடம் தருகின்றன என்பதற்குச் சட்டங்கள் வைத்த எல்லைகள் நல்ல அளவுகோல். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, எஞ்சினே இல்லாத டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. பதிவு தொடர்பான கடமைகள் அதற்கும் பொருந்துகின்றன, வண்டியின் வடிவத்தை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே பட்டறைக்குப் போகும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது காசையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். எண்களை வெளிப்படையாக வகுத்திருப்பது பிரிட்டன்: 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி, ஒரு மீட்டருக்கு மிகாத டிரெய்லர் அகலம், சுமையோடு சேர்த்து 150 கிலோ அல்லது மோட்டார் சைக்கிளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இவற்றில் எது குறைவோ அது. 180 கிலோ எடையுள்ள வண்டிக்கு இந்தக் கணக்கில் கிடைப்பது 120 கிலோ. அதில் டிரெய்லரின் சொந்த எடையாக 45 கிலோ கழிந்தால் எஞ்சுவது 75 கிலோ, பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்தால் ஏறும் எடை. டிரெய்லர் கூடுதலாகத் தருவது எடையை அல்ல, இடத்தைத்தான்: ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியின் கொள்ளளவு 270 லிட்டர், கூடாரமும் படுக்கையும் பாத்திரங்களும் அடங்கிவிடும். சிமெண்ட் மூட்டை ஏற்றத்தான் டிரெய்லர் என்றால், ஒன்றரை மூட்டையோடு கணக்கு தீர்ந்துவிடுகிறது.